சாவடிக் கல்லும் பெரியம்மாவின் தாலியும்

சாவடிச் சுவரிலிருந்து அந்தக் கல்லை எடுத்தவன் நான். அதனால் வந்ததை எழுத வேண்டியவனும் நான்தான். ஐந்தாவது வரை படித்தேன். கொத்து வேலை செய்கிறேன். நடந்ததை நடந்தபடி வைக்கிறேன்.

எங்கள் ஊர் முன்பு ஆரணிக்கு வெளியே இருந்தது. இப்போது ஆரணி வந்து ஒட்டிக்கொண்டது. சேத்துப்பட்டு ரோட்டில் ரைஸ் மில்லைத் தாண்டி உள்ளே திரும்பினால் முதலில் ஊர். வாய்க்காலைத் தாண்டினால் காலனி. நாங்கள் காலனி. என் மனைவி வீட்டிலேயே பட்டு நூல் சுற்றிக் கொடுக்கிறாள். மகள் பி.காம். முடித்துவிட்டு ஆரணியில் ஒரு பட்டுக் கடையில் பில் போடுகிறாள். அவளுக்குக் கண்ணமங்கலத்தில் மாப்பிள்ளை பார்த்து முடித்திருந்தோம். கல்யாணத்துக்கு நாள் குறித்தாயிற்று. அந்த நேரத்தில்தான் சாவடியை இடிக்கும் வேலை வந்தது.

சாவடி ஊர் நடுவில் இருந்தது. வெள்ளைக்காரன் காலத்தில் முனிசீப்பும் கணக்குப்பிள்ளையும் உட்கார்ந்த இடம். வரி அங்கேதான் கட்டினார்கள். காலனிக்காரர்கள் கீழே நின்று பேசினார்கள். படி ஏறக் கூடாது. முனிசீப் பதவி ஒழிந்த பிறகு அது பூட்டிக் கிடந்தது. கூரை இறங்கிவிட்டது. அதை இடித்துவிட்டு ரேஷன் கடை கட்டுவதாக முடிவாகி, வேலை எடுத்த கான்டிராக்டர் என்னைக் கூப்பிட்டார்.

உள் சுவரில், ஆள் தலை உயரத்தில், சதுரமாக ஒன்று மேடு தட்டியது. சுண்ணாம்பு மேல் சுண்ணாம்பு அடித்து அப்பியிருந்தது. கரண்டியால் சுரண்டினேன். உள்ளே வெள்ளைக் கல். அதில் எழுத்து.

கான்டிராக்டர் பின்னால் வந்து நின்றார்.

"இன்னாய்யா, சுவத்தத் தடவிகினு கீற? ஒடச்சித் தள்ளு."

"எழுத்து இருக்குதுங்க."

"எழுத்து சோறு போடுமா? ஜல்தி முடி. ஜேசிபி நின்னுகினு கீது."

எழுத்து வெட்டிய கல்லை நான் உடைப்பதில்லை. வெட்டியவன் பட்ட பாடு எனக்குத் தெரியும். ஓரத்தில் உளி போட்டு, நான்கு பக்கமும் பூச்சைத் தட்டி, மெதுவாகக் கழற்றினேன். சாயங்காலம் சாக்கில் சுற்றி, மொபட்டில் கட்டி வீட்டுக்குக் கொண்டுவந்தேன்.

மனைவி பார்த்துவிட்டுச் சொன்னாள். "அவன் அவன் வேலை வுட்டு வரும்போது பூ வாங்கிகினு வரான். நீ கல்லக் கட்டிகினு வந்து நிக்கிற. துணி தொவைக்கவா?"

"தொவைக்காத. எழுத்து இருக்குது."

புளியும் தேங்காய் நாரும் போட்டுத் தேய்த்தேன். இங்கிலீஷ் எழுத்து. எனக்கு எண் மட்டும் தெரிந்தது. மகள் கடை முடிந்து வந்ததும் படித்துச் சொன்னாள்.

"இந்தக் கிராமத்துலேருந்து பதினொரு பேரு பெரிய சண்டைக்குப் போனாங்கப்பா. பதினாலுலேருந்து பத்தொம்போது வரைக்கும். அதுல நாலு பேரு உயிர விட்டாங்க. அவ்ளோதான்."

"பேரு?"

"பேரு இல்ல. எத்தினி பேருன்னு மட்டும்தான் போட்டிருக்குது."

எங்களுக்குச் சந்தோஷமாக இருந்தது. அந்தப் பதினொரு பேரில் ஒருவர் எங்கள் வீட்டு ஆள். கல்லை வாசல் சுவரில் சாய்த்து வைத்தோம். அதற்கு மேல் நாங்கள் யாரும் யோசிக்கவில்லை.

அவர் என் தாத்தாவின் அண்ணன். ஏன் பட்டாளத்துக்குப் போனார் என்று என் நைனாவை ஒருமுறை கேட்டேன். நைனா ஒரே காரணம் சொன்னார். பூட்ஸ். ஊர்த் தெருவில் செருப்பைக் கையில் எடுத்துக்கொண்டு நடக்க வேண்டிய ஆளுக்குச் சர்க்காரே பூட்ஸ் கொடுத்துக் காலில் போட்டுக்கொள் என்றது. படி ஏறக் கூடாத சாவடியின் வாசலில் நிறுத்தித்தான் மார்பை அளந்தார்கள். காலனியில் ஐந்து பேர் தேறினார்கள். கப்பலில் ஈராக்கிலுள்ள பஸ்ராவுக்குக் கொண்டுபோனார்கள். போனது சண்டைக்கு, செய்தது மண் வெட்டுவதும் ரோடு போடுவதும் என்று திரும்பி வந்தவர்கள் சொன்னார்களாம்.

காலனிக்கு மூன்று பேர் திரும்பினார்கள். ஒருவர் கப்பலிலேயே காய்ச்சலில் செத்தார். கூட இருந்தவர்கள் பார்த்தார்கள், வந்து சொன்னார்கள். அந்த வீட்டில் கருமாதி செய்தார்கள். எங்கள் ஆளைப் பற்றி, "ஓர் ஆத்தோரம் பிரிச்சி அனுப்பினாங்க, அப்பறம் பாக்கல" என்றார்கள். வேறு சேதி இல்லை.

அவருடைய மனைவிதான் பெரியம்மா. நைனா அப்படிக் கூப்பிட்டதால் எங்கள் எல்லோருக்கும் அதுவே பெயராகிவிட்டது. கணவர் போனபோது பெரியம்மாவுக்குச் சின்ன வயது. பிள்ளை இல்லை. பிறகு நைனாவை வளர்த்தவர் அவர்தான். அவர் தாலியைக் கழற்றவில்லை. ஆடிப் பதினெட்டுக்கு மஞ்சள் கயிறு மாற்றினார். பெரிய பொட்டு வைத்தார். கிடைத்த பூவை வைத்தார்.

நடவில் கூட வேலை செய்கிற பெண்கள் சும்மா விடுவார்களா.

"உன் வூட்டுக்காரரு அங்க துருக்கிக்காரியக் கட்டிகினு பேரிச்சம்பழம் துன்னுகினு கீறாரு. நீ யாருக்குடி பூ வெச்சிகினு சேத்துல நிக்கிற?"

"துன்னட்டும். வரும்போது எனக்கும் எடுத்தாருவாரு. உனக்குக் கொட்டை குடுக்கறேன்" என்பாராம் பெரியம்மா.

சில வருஷம் கழித்து அவர் பிறந்த வீட்டார் வந்தார்கள். இனி வரமாட்டார், கருமாதியை முடித்துவிடலாம் என்றார்கள். பெரியம்மா ஒன்றுதான் கேட்டார். "செத்துட்டாருன்னு எவன் வந்து சொன்னான்?" யாரும் வந்து சொல்லவில்லை. வந்தவர்கள் எழுந்தார்கள். போய்விட்டார்கள். பெரியம்மா சாவடி வாசலுக்குப் போய்க் கேட்டார். தெரியாது என்று அனுப்பினார்கள். வரிக் கணக்குப் பார்க்க ஜமாபந்திக்குத் துரை வந்தபோதும் போய் நின்றார். முனிசீப் மாறும்போதெல்லாம் போய் நின்றார். தெரியாது, தெரியாது.

அவர் சாகும்போது நைனாவுக்குக் கல்யாணம் ஆகியிருந்தது. மஞ்சள் பூசி, பொட்டு வைத்து, பூ வைத்து, புதுப் புடவை போர்த்திக் கொண்டுபோனார்கள். சுமங்கலியாகத்தான் போனார்.

எங்கள் பக்கத்தில் கல்யாணத்துக்கு முன்னால் பூவாடைக்காரி கும்பிடுவோம். குடும்பத்தில் பூவும் பொட்டுமாகப் போன பெண்தான் பூவாடைக்காரி. தண்ணீர் இருக்கும் இடத்துக்குப் போய், குடத்தில் தண்ணீர் மொண்டு, பூச்சுற்றி, பம்பை அடித்து அவரைக் கூப்பிட்டு வீட்டுக்கு அழைத்து வருவோம். புதுப் புடவை வைத்துப் படைப்போம். அந்தப் புடவையைக் கல்யாணப் பெண் கட்டுவாள். எங்கள் வீட்டில் அதைக் கட்டிக்கொண்டுதான் மாமியார் வீட்டு வாசற்படி மிதிப்பாள். என் அத்தை கல்யாணத்திலிருந்து என் கல்யாணம் வரை எங்கள் பூவாடைக்காரி பெரியம்மா.

கல் வந்த அடுத்த வாரம் சம்பந்தி வீட்டார் முகூர்த்தப் புடவை எடுக்க ஆரணி வந்தார்கள். மாப்பிள்ளையின் அப்பா, அம்மா, பெரியப்பா. பெரியப்பா பட்டாளத்தில் இருந்து ஓய்வு பெற்றவர். கண்ணமங்கலத்தில் எல்லோரும் அவரை மிலிட்டரிக்காரர் என்றுதான் சொல்கிறார்கள். கடையில் புடவை எடுத்துக்கொண்டு வீட்டுக்கு வந்தார்கள். மிலிட்டரிக்காரர் பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார வந்தவர் உட்காராமல் கல்லைப் பார்த்தார். கண்ணாடி போட்டுப் படித்தார்.

"இத எங்க புடிச்சீங்க?"

"சாவடில இருந்துச்சிங்க. எங்க தாத்தாவோட அண்ணன் இதுல ஒருத்தரு."

"அப்புடியா? திரும்பி வந்தாரா?"

"இல்லீங்க."

"ஊர்ல மொத்தம் எத்தினி பேரு திரும்பி வந்தாங்கன்னு தெரியுமா?"

என் தம்பி பக்கத்தில் இருந்தான். விரல் மடக்கினான். ஊரில் நான்கு, காலனியில் மூன்று. அந்த வீடுகளை இன்றைக்கும் பட்டாளத்தார் வீடு என்றுதான் சொல்வார்கள். யாருக்கும் சந்தேகம் இல்லை.

"பதினொண்ணு போச்சு. ஏழு வந்துது. மீதி நாலு. கல்லுலயும் நாலு. கணக்கு நேரா கீது. உங்காளு சண்டையில செத்துட்டாரு. வீரமரணம்ங்க." அவர் நல்ல மனதோடுதான் சொன்னார். செருப்பைக் கழற்றிவிட்டுக் கல்லின் முன் ஒரு நிமிஷம் விறைப்பாக நின்றார்.

என் மனைவிக்குப் பெருமை. காபி டம்ளரை நீட்டிக்கொண்டே, "அவரு பொண்சாதிதாங்க எங்க பூவாடைக்காரி" என்றாள்.

சம்பந்தியம்மா டம்ளரை வாங்கினார். வாயில் வைக்காமல் கீழே வைத்தார்.

"அந்தம்மா எப்ப செத்தாங்க?"

"எங்க மாமனாருக்குக் கல்யாணம் ஆன பொறவு."

"அப்ப இவரு செத்து அத்தினி வருசம் கழிச்சி." பிறகு அவரே சொன்னார். "அவங்க பூவாடைக்காரி இல்லியே சம்பந்தி."

அவர் கண் தன் கணவரின் சட்டைப் பைக்குப் போனது. போன வருஷம் அவருக்கு நெஞ்சில் அடைப்பு வந்து ஸ்டென்ட் வைத்திருந்தார்கள். மாத்திரை அட்டை எப்போதும் அந்தப் பையில் இருக்கும். அந்தப் பார்வையை நான் பார்த்தேன். அதனால் அவர் மேல் எனக்குக் கோபம் வரவில்லை. தாலி அறுத்திருக்க வேண்டிய பெண்ணுக்கு வைத்த புடவை தன் வீட்டுக்குள் வருகிறது என்று அந்தம்மா பயந்தார்.

"உங்க வூட்ல வேற சுமங்கலி யாரும் போவலியா? அவங்களுக்கு வைங்க. ஒண்ணும் கொறஞ்சிடாது."

யாரும் போகவில்லை என்று சொல்ல முடியாது. என் தம்பியின் முதல் மனைவி மஞ்சள் காமாலையில் போனாள். பூவும் பொட்டுமாகத்தான் போனாள். மாற்றுவது சுலபம்.

மறுநாள் மாப்பிள்ளையின் அப்பா போன் செய்தார். "அவ ராத்திரி தூங்கலீங்க. மாத்தி வெச்சிடுங்க. இல்லன்னா பொண்ணு வேற பொடவ கட்டிகினு வரட்டும். ரெண்டுல ஒண்ணு பண்ணாதான் எங்களால ஆவும்."

"யோசிக்கிறேன்" என்றேன். யோசிக்க ஒன்றும் இல்லை. எப்படிச் சொல்வது என்றுதான் யோசித்தேன்.

எனக்குள் ஓடியது வேறு. பெரியம்மா சாவடி வாசலில் நின்று கேட்டபோது கல் உள்ளே இருந்தது. படிக்கட்டு மேல், சுவரில். உள்ளே உட்கார்ந்தவர்கள் அதற்குக் கீழேதான் உட்கார்ந்திருந்தார்கள். வெளியே நின்றவருக்குத் தெரியாது என்று சொல்லி அனுப்பினார்கள்.

மகளிடம் வெள்ளைக்காரன் ராஜ்யம் எவ்வளவு பெரியது என்று கேட்டேன். போனில் உலகப் படம் காட்டினாள். அவன் வைத்திருந்த இடமெல்லாம் சிவப்பு. படத்தை இரண்டு விரலால் பெரிதாக்கிப் பெரிதாக்கி ஆரணி வரை வந்தாள். எங்கள் ஊர் அதில் இல்லை. ஆனால் எங்கள் ஊரிலிருந்து எத்தனை பேர் போனார்கள், எத்தனை பேர் செத்தார்கள் என்று அவனுக்குத் தெரிந்திருக்கிறது. கல் வெட்டி, வண்டி ஏற்றி அனுப்பி, சுவரில் பதிக்கச் சொல்லியிருக்கிறான். எந்த நான்கு பேர் என்று போடவில்லை. சேதி சாவடி வரை வந்திருக்கும். அங்கிருந்து காலனிக்கு ஒரு பீடி பிடித்து முடிக்கிற தூரம். அவனும் வரவில்லை. அவனிடம் சம்பளம் வாங்கியவர்களும் வரவில்லை.

நானும் வெளிநாட்டில் இருந்தவன். குவைத்தில் இரண்டு வருஷம் கொத்து வேலை. கூட இருந்த கேரளாக்காரர் ஒரு நாள் கை காட்டி, இந்த ரோட்டில் நேராகப் போனால் பஸ்ரா என்றார். நைனா சொன்ன பெயர். எழுந்து நின்று பார்த்தேன். மணலும் கரண்ட் கம்பமும்தான் தெரிந்தன. திரும்ப வேலைக்குப் போய்விட்டேன். அந்த இரண்டு வருஷமும் வெள்ளிக்கிழமை என்னிடமிருந்து போன் வராவிட்டால் சனிக்கிழமை காலையில் என் மனைவி ஏஜெண்ட் வீட்டு வாசலில் போய் நின்றுவிடுவாள். "உசுரோட கீறானா, அத மட்டும் சொல்லு" என்பாள். ஏஜெண்ட் பேஜாராகி எனக்குப் போன் போட்டுத் திட்டுவான். அவளுக்கு அன்றைக்கே பதில் கிடைத்தது.

தம்பி மனைவியோடு வந்தான். "எதுக்குண்ணா இழுத்துகினு? என் மொதப் பொண்சாதிக்கே வெச்சிடு. எனக்கும் சந்தோசம்."

உள்ளேயிருந்து அவனுடைய இரண்டாவது மனைவி குரல் கொடுத்தாள். "உனக்கு ஏன் சந்தோசம் இருக்காது? இத்தினி வருசம் நான் ஆக்கிப் போட்டுகினு கீறேன். பொடவ அவளுக்கா?"

"நீ உசுரோட கீறியே."

"அதான் உனக்குக் கஷ்டமா கீது."

தம்பி பேச்சை மாற்றினான். "அந்தக் கல்ல கடப்பாறையால ரெண்டா போட்டுடறேன். எல்லாம் அதால வந்துது."

"கல்லு ஒண்ணும் பண்ல. தொடாத" என்றேன்.

பம்பைக்காரரும் வழி சொன்னார். "சாமிய வரவெச்சி கேட்டுடலாம். நான் அடிக்கிற அடில அந்தம்மாவே எறங்கி வந்து சொல்லிடும். சம்பந்தி வூட்டுக்காரங்க வாய மூடிடுவாங்க."

"நீ எப்புடி அடிச்சாலும் உன் மச்சான் மேலதான் எறங்கும். சாயந்தரத்துக்கு மேல அவன் இன்னா சொல்வான்னு எனக்குத் தெரியும்."

"அதுக்கில்ல..."

"அவங்க உசுரோட இருக்கும்போது வாசல் வாசலா நின்னு கேட்டது போதும். செத்த பொறவும் வந்து சாட்சி சொல்ல வேணாம்."

அந்த வாரம் ஊரிலிருந்து ஒரு பெரியவர் பைக்கில் வந்தார். கல் இருப்பது அவருக்குத் தெரிந்துவிட்டது.

"இன்னாப்பா, எங்க ஊரு கல்லு உன் வூட்ல கீதாமே. ரேஷன் கட கட்டறோம் இல்ல, உள்ள பதிச்சிடலாம். ஊருக்குப் பெரும."

"பதிக்கலாங்க. வெளிச் சுவத்துல."

"வெளில எதுக்கு? மழ அடிக்கும். உள்ள வெச்சா பத்திரமா இருக்கும்."

"உள்ள பத்திரமாதாங்க இருந்துச்சி. இப்ப ரோட்டப் பாத்து இருக்கட்டும். பதிக்கறது நான். வெளிச் சுவருன்னா இன்னிக்கே எடுத்தாறேன்."

அவர் என்னையும் கல்லையும் மாற்றி மாற்றிப் பார்த்தார். "செரி, வெச்சித் தொல" என்று வண்டியைக் கிளப்பினார். வெளிச் சுவரில்தான் பதித்தேன். அரிசி வாங்க வரிசையில் நிற்கிறவர்களின் கண்ணுக்கு நேராக இருக்கிறது.

மகள் மாப்பிள்ளையோடு தினமும் போனில் பேசிக்கொண்டிருந்தவள். அந்த வாரம் போன் அடிக்கவில்லை. அவள் அதை அடிக்கடி எடுத்துப் பார்த்துவிட்டுக் கவிழ்த்து வைப்பதைக் கவனித்தேன். இது என் பிடிவாதமா, இவள் வாழ்க்கையா என்று அப்போது ஒரு தடுமாற்றம் வந்தது. அவளையே கேட்டேன்.

"உனக்கு வேணாம்னா சொல்லு. மாத்திடலாம்."

அவள் திருப்பிக் கேட்டாள். "பெரியம்மாவுக்குக் கருமாதி அன்னிக்கு உக்கார வெச்சித் தாலி வாங்கினாங்களா?"

"இல்ல."

"கருமாதியே பண்ல?"

"பண்ல. பண்ண வுடல."

"அப்ப எப்புடிப்பா? எங்க கடையில பில் போடாத பொடவ வித்த கணக்குல வராது. எந்த முதலாளி வந்து கேட்டாலும் அது ஸ்டாக்குதான்." போனை எடுத்துப் பையில் போட்டுக்கொண்டாள். "போய்ப் பேசிட்டு வா. கெஞ்சாத."

அடுத்த நாள் வேலைக்குப் போகவில்லை. வேலூர் பஸ் ஏறிக் கண்ணமங்கலத்தில் இறங்கினேன். மாப்பிள்ளையின் அப்பா படுத்திருந்தார். சம்பந்தியம்மா வாசலில் வேர்க்கடலை உரித்துக்கொண்டிருந்தார். மிலிட்டரிக்காரர் பேப்பர் படித்துக்கொண்டிருந்தார். தண்ணீர் கொடுத்தார்கள். குடித்துவிட்டுப் பேசினேன். அவ்வளவு நீளமாக நான் அதற்கு முன் பேசியதில்லை.

"சம்பந்தியம்மா, தாலிய வாங்கறது யாரு? நம்ம ஜனங்கதான். கூடி அழுவறோம். உக்கார வெக்கிறோம். நம்ம கையாலதான் வாங்கறோம். எங்க பெரியம்மாவுக்கு அத யாரும் பண்ல. ஏன்னா செத்துட்டாருன்னு யாரும் வந்து சொல்லல. கேட்டவங்களுக்கும் சொல்லல. வெள்ளக்காரன் நாலுன்னு கல்லுல போட்டுட்டுப் போயிட்டான். அந்தக் கல்லக் கூட அவங்க கண்ணுல காட்டல. இப்ப நாம அந்தக் கல்லப் பாத்துட்டு, செத்துப் போனவங்க தாலிய வாங்கணுமா? அவனுங்க செய்யாத வேலைய அவனுங்களுக்காக நாம செய்யணுமா?"

சம்பந்தியம்மா கடலையிலிருந்து கண்ணை எடுக்கவில்லை. "நீங்க நாயம்தான் பேசறீங்க. எனக்கு இவரு மாத்திரதான் கண்ணுல நிக்குது."

மிலிட்டரிக்காரர் பேப்பரை மடித்தார். "எங்க காலத்துல ஒருத்தன் செத்தா வூடு தேடி ஆளு போவும்மா. நேர்ல நின்னு சொல்லணும். அதுக்கப்பறம்தான்..."

"நீங்க சும்மா இருங்க மாமா. ஏழு நாலுன்னு கணக்கு போட்டுக் காட்டினதே நீங்கதான். நீங்க அன்னிக்குக் கண்ணாடிய வூட்ல வெச்சிட்டு வந்திருந்தா இன்னிக்கு இந்தப் பேச்சே இல்ல."

அவர் பேப்பரை மறுபடி விரித்தார்.

நான் எழுந்தேன். "நாங்க பெரியம்மாவுக்குத்தான் வைக்கிறோம். ஞாயித்துக்கெழம காலைல, ஆத்துல. பொண்ணு அந்தப் பொடவைலதான் வரும். உங்களுக்கு ஒத்து வரலன்னா அதுக்கு முன்னாடி ஒரு வார்த்தை சொல்லிடுங்க. பொண்ணு வூட்டுக்காரன்னு பாக்க வேணாம். எனக்குக் கோவம் வராது."

சம்பந்தியம்மா அடுத்த கடலையை உரித்தார். தெருமுனையில் மாப்பிள்ளை நின்றுகொண்டிருந்தார். பஸ் ஸ்டாண்ட் வரை கூட வந்தார். "அம்மா பயந்துகினு கீறாங்க மாமா. நான் பயப்படல" என்றார். "அம்மாகிட்ட சண்ட போடாதீங்க" என்று சொல்லிவிட்டுப் பஸ் ஏறினேன்.

சனிக்கிழமை வரை போன் வரவில்லை. வேண்டாம் என்றும் சொல்லவில்லை, சரி என்றும் சொல்லவில்லை. படைக்கிற புடவையை மகளே அவள் கடையில் எடுத்தாள். அரக்கு நிறம், கடுகு நிறக் கரை. ஆரணிப் பட்டு. மனைவி கையில் வாங்கி நூலைத் தடவிப் பார்த்தாள். நல்ல நூல் என்றாள்.

ஞாயிற்றுக்கிழமை விடிந்ததும் கமண்டல நாக நதிக்குப் போனோம். ஆற்றில் மணல்தான். முள்ளுச் செடி மண்டிக் கிடந்தது. தம்பியும் நானும் ஒரு பக்கம் சுத்தம் செய்து ஊற்றுத் தோண்டினோம். தண்ணீர் கசிந்து தெளிய நேரம் பிடித்தது. பெண்கள் குடத்துக்குப் பூ சுற்றினார்கள். முறத்தில் புடவை, வளையல், மஞ்சள், குங்குமம், கண்ணாடி, சீப்பு. மகள் தலை குளித்து ஈர முடியோடு நின்றாள். கரைப் பக்கம் அவள் திரும்பிப் பார்க்கவே இல்லை. நான் பார்த்தேன். யாரும் இல்லை.

குடத்தில் தண்ணீர் மொண்டோம். பம்பைக்காரர் தோலைத் தட்டிப் பார்த்துவிட்டு, எல்லோருக்கும் கேட்கிற மாதிரி கேட்டார்.

"யாரக் கூப்புடறது?"

அவருக்குத் தெரியும். நான் மாறிவிட்டேனா என்று பார்க்கத்தான் கேட்டார்.

"பெரியம்மாவ."

"இன்னாரு பொண்சாதின்னு சொல்லணுமே. வூட்டுக்காரர எப்புடிச் சொல்றது?"

"பஸ்ரா போனவருன்னு சொல்லு. செத்தவருன்னு சொல்லாத."

பம்பை முழங்கியது. "பஸ்ரா போனவர் பொண்சாதியே, பூவோட பொட்டோட வா தாயே" என்று அவர் கூப்பிட்டார். யார் மேலும் எதுவும் இறங்கவில்லை. அவர் மச்சான் கூட ஒழுங்காக நின்றான். மனைவி கற்பூரம் கொளுத்தினாள். என் நைனா இருந்திருந்தால் இந்த இடத்தில் அழுதிருப்பார். நான் குடத்தைப் பிடித்துக்கொண்டு நின்றேன்.

கற்பூரம் அணையும்போது கரை மேல் ஒரு மோட்டார் சைக்கிள் வந்து நின்றது. மிலிட்டரிக்காரர். பின்னால் சம்பந்தியம்மா. சம்பந்தியம்மா மட்டும் இறங்கி வந்தார். மணலில் செருப்பு புதைந்து மெதுவாக வந்தார். எங்களை நெருங்கவில்லை. நாலு முழம் தள்ளி நின்றார். குடத்தைப் பார்த்தார். பிறகு முறத்தைப் பார்த்தார். பம்பைக்காரர் அடிப்பதை நிறுத்திவிட்டார். பெண்கள் யாரும் வாங்க என்று கூடச் சொல்லவில்லை. சொல்லலாமா என்று தெரியவில்லை.

என் மனைவி குங்குமத் தட்டை எடுத்துக்கொண்டு அவரிடம் போனாள். தட்டை நீட்டிக்கொண்டு நின்றாள். தட்டில் குங்குமமும் இருந்தது, குடத்தில் சுற்றி மீந்த பூவும் இருந்தது.

சம்பந்தியம்மாவின் கை தன் தாலியைப் பிடித்தது.

"குங்குமம் வேணாம்" என்றார். "தப்பா நெனைக்காதீங்க. எனக்கு மனசு வரல. பூ மட்டும் குடுங்க."

மனைவி பூவை எடுத்துக் கொடுத்தாள். அவர் அதைத் தலையில் வைத்துக்கொண்டார். அதற்கப்புறம்தான் எங்கள் பக்கம் வந்தார். முறத்தின் அருகே குனிந்து புடவையைத் தொட்டார். முந்தானையைத் திருப்பி வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார்.

"இந்த முள்ளுல எங்கியோ மாட்டிகினு ஒரு எழ இழுத்துட்டுக் கீது பாருங்க. அப்புடியே வுட்டா ஓடிடும். எங்க வூட்டுக்குக் கட்டிகினு வர்றதுக்கு முன்னாடி சரி பண்ணிடுங்க."

மகள் அப்போதுதான் அவர் முகத்தைப் பார்த்தாள். "செரி அத்த" என்றாள்.

அன்று சாயங்காலமே என் மனைவி ஊசியை எடுத்து அந்த இழையை உள்பக்கம் தள்ளி முடிந்தாள். தடம் தெரியவில்லை. மகள் அந்தப் புடவையைக் கட்டிக்கொண்டுதான் கண்ணமங்கலம் போனாள்.